‘பலூன்தான் கனம்’ என்கிறான் ஆறு வயது மகன்: குறையா, பருவமா?

கொங்கு வட்டாரத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 6 வயது 2 மாதம். தனியார் பள்ளியில், ஆங்கில வழியில் 1ஆம் வகுப்பு படிக்கிறான். அளவைகள் பாடத்துக்குப் பள்ளி கொடுத்த பயிற்சித்தாளில் பெரிய பலூன் ஒன்றும் சின்னக் கல் ஒன்றும் வரைந்து, கனமானதை வட்டமிடச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பலூனை வட்டமிட்டிருக்கிறான். அடுத்த கேள்வியில் இரண்டு பென்சில்கள். குட்டைப் பென்சிலை வலப்புறம் தள்ளி வரைந்திருந்ததால் அதன் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் நீளம் என்றிருக்கிறான். வீட்டில் ஒரே அளவான இரண்டு கிண்ணங்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, ஒன்றை மட்டும் ஒல்லியான கண்ணாடி டம்ளருக்கு மாற்றிக் காட்டியிருக்கிறார் அம்மா. முதலில் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்றவன், ‘நல்லாப் பாத்துச் சொல்லு’ என்றதும் ‘டம்ளர்லதான் நிறைய’ என்று மாற்றிவிட்டான். ஆனால் டியூஷனில் படித்த ‘1000 கிராம் ஒரு கிலோ, 100 சென்டிமீட்டர் ஒரு மீட்டர்’ மட்டும் பிசகாமல் ஒப்பிக்கிறான். பையன் கொஞ்சம் மந்தம், யூகேஜியில் இன்னொரு வருஷம் உட்காரட்டும் என்கிறது பள்ளி. கணவர் பொறுமையிழந்து ஒருநாள் அடிஸ்கேலால் கையில் அடித்துவிட்டார். அன்றிலிருந்து பையன் ஸ்கேலைப் பையின் அடியில் ஒளித்து வைக்கிறானாம். வீட்டில் இரண்டு வயதுத் தங்கையும் உண்டு. ‘இது கற்றல் குறைபாடா? டிஜிட்டல் தராசு வாங்கிப் பழக்கட்டுமா? யூகேஜிக்குச் சம்மதிக்கட்டுமா?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விக்கும் முதலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் கற்றல் குறைபாட்டுக்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. தராசு இப்போது வேண்டாம். யூகேஜிக்குச் சம்மதிக்காதீர்கள். இனி காரணங்களுக்கு வருவோம்.

உங்கள் மகன் சொன்ன மூன்று ‘தவறான’ பதில்களிலும் ஒரே ஒழுங்கு இருக்கிறது. பலூன் பெரிதாகத் தெரிந்தது, பென்சில் முனை நீட்டிக்கொண்டிருந்தது, டம்ளரில் தண்ணீர் உயர்ந்து நின்றது. மூன்றிலும் கண்ணில் முதலில் பட்ட ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறான். ஊகித்துச் சொல்லும் பிள்ளை இடத்துக்கு ஒன்றாகச் சொல்லும். இவன் ஒரே விதியை விடாமல் பின்பற்றுகிறான். அந்த விதி இந்த வயதுக்கு உரியது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதே தண்ணீர்ச் சோதனையைப் பல குழந்தைகளிடம் செய்து பார்த்தவர். பாத்திரம் மாறினாலும் தண்ணீரின் அளவு மாறாது என்ற தெளிவு 7 வயதை ஒட்டித்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருகிறது. உருட்டிய மாவைத் தட்டினாலும் எடை மாறாது என்பது அதற்கும் பிறகு.

தண்ணீர்ச் சோதனையில் நீங்கள் அறியாமல் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அவன் முதலில் சரியாகத்தான் சொன்னான். நீங்கள் மறுபடி கேட்டதும் பதிலை மாற்றினான். ஒரே கேள்வியைப் பெரியவர்கள் இரண்டாம் முறை கேட்டால், முதலில் சொன்னது தப்பு என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். 1974இல் ஜேம்ஸ் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் இதை அழகாகக் காட்டினார்கள். சமமாக அடுக்கிய இரண்டு வரிசை வில்லைகளில் ஒரு வரிசையைப் பெரியவர் கலைத்துவிட்டு, இரண்டும் சமமா என்று கேட்டபோது தடுமாறிய அதே வயதுப் பிள்ளைகள், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்ததுபோல் விளையாட்டாக்கிக் கேட்டபோது வெகுவாகச் சரியாகச் சொன்னார்கள். பெரியவரே வேலை மெனக்கெட்டு மாற்றினால் ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று பிள்ளை நினைப்பது நியாயம்தானே. ஆகவே அந்தச் சோதனையை இனி செய்யாதீர்கள். அது பியாஜே தெரிந்துகொள்ள விரும்பியதைத் தெரிந்துகொள்ளச் செய்த வழி. கற்பிக்கும் வழி அல்ல.

பெருசு என்ற ஒரே சொல்

பாடத்தைத் தொடுவதற்கு முன் வீட்டில் புழங்கும் சொல்லைக் கவனியுங்கள். நாம் நீளமான கயிற்றையும் பெருசு என்கிறோம், கனமான பூசணியையும் பெருசு என்கிறோம், நிறையக் கொள்ளும் அண்டாவையும் பெருசு என்கிறோம். மூன்று வெவ்வேறு குணங்களுக்கு ஒரே சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் ‘எது கனம்’ என்றால் பெருசைக் காட்டத்தான் செய்யும். ஆங்கில வழி இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. லைட் என்றால் அவனுக்குத் தெரிந்தது சுவிட்சைப் போட்டால் எரிவது. கனமில்லாததும் லைட்தான் என்பதை யாரும் அவனுக்குத் தனியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தமிழிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘எந்த டம்ளர் நிறையப் பிடிக்கும்?’ என்று கேட்டால், தனக்குப் பிடித்த டம்ளரை எடுத்து நீட்டும் பிள்ளைகள் உண்டு. அது அடம் இல்லை, நாம் கேட்டதற்கு அவர்கள் புரிந்துகொண்ட பதில். ‘எதுல தண்ணி நிறையக் கொள்ளும்?’ என்று கேளுங்கள்.

ஒரு வாரத்துக்குக் கேள்வியே வேண்டாம். வேலையோடு வேலையாகச் சொற்களை மட்டும் புழங்குங்கள். ‘இந்தப் பை கனமா இருக்கு, நீ லேசானதை எடுத்துக்கோ.’ ‘இந்தக் கயிறு குட்டை, கிணத்துக்கு எட்டாது.’ ‘இந்தச் சொம்புல கொள்ளாது, குண்டாவை எடு.’ வீட்டுத் தமிழில் சொல் ஊன்றிய பிறகு அதற்குப் பள்ளியில் சொல்லும் ஆங்கிலச் சொல்லைக் கூடவே ஒட்டிவிடலாம். முதலிலேயே ஆங்கிலத்தில் ஒப்பிக்க வைத்தால் சொல் மட்டும் வரும், பொருள் வராது. கிலோவும் கிராமும் அப்படித்தான் அவன் வாயில் இருக்கின்றன.

நீளம்: அடி சேர்த்து வைப்பது

மூன்றில் எளியது நீளம், கண்ணால் பார்க்க முடிவதால். அதில் கற்க வேண்டியது ஒரே ஒரு பழக்கம்: இரண்டின் அடியையும் ஒரே கோட்டில் சேர்த்து வைப்பது. விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சிகளை உருவி, ஒன்றை இரு விரற்கடை குட்டையாக ஒடித்துக் கொடுங்கள். பாயின் ஓரத்தையோ சுவரின் விளிம்பையோ தொடும்படி இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். ‘ரெண்டும் சுவரைத் தொட்டுக்கிட்டு நிக்குதா?’ என்று கேட்டால் போதும். பிறகு குட்டைக் குச்சியை நீங்களே மேலே தள்ளிவிட்டு, ‘ஐயோ, இது இப்ப பெரிய ஆளா ஆயிடுச்சே!’ என்று ஏமாந்தவர்போலப் பேசுங்கள். அவன் சிரித்துக்கொண்டே கீழே இழுத்துக் காட்டுகிற நாளில் பயிற்சித்தாளின் பென்சில் கேள்வி அவனுக்கு முடிந்துபோகும். அந்தத் தாளிலும் இதையே செய்யலாம்: ஒவ்வொரு பென்சிலின் நீளத்துக்கும் ஒரு நூலை வெட்டி எடுத்து, இரண்டு நூல்களையும் அருகருகே அடி சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

நூல் வேறு ஒரு பெரிய விஷயத்தையும் கற்றுத் தரும். ‘இந்த மேசை அந்தக் கதவு வழியாப் போகுமா?’ மேசையைத் தூக்காமலே இதற்கு விடை காணலாம். மேசையின் அகலத்துக்கு நூலைப் பிடித்து, அதே நூலைக் கதவு நிலையில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நேருக்கு நேர் வைக்க முடியாத இரண்டை மூன்றாவது ஒன்றால் ஒப்பிடுவதுதான் அளத்தலின் உயிர். ஸ்கேலும் டேப்பும் அந்த மூன்றாவது பொருளின் நாகரிக வடிவங்கள்.

அடுத்த படி எண்ணுவது. ஒரே அளவான ஐஸ் குச்சிகளைக் கட்டிலின் ஓரத்தில் வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். இங்கே மூன்று பிழைகள் வரும்: குச்சிகளுக்கு நடுவே இடைவெளி விடுவது, ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றுவது, முடிவில் மிச்சம் வந்தால் ஒரு பென்சிலை வைத்து நிரப்புவது. திருத்த வேண்டாம். நீங்கள் ஒருமுறை, அவன் ஒருமுறை அளந்து எண்ணிக்கை ஏன் ஒத்துவரவில்லை என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். பூக்காரம்மாவிடம் வாங்கும் ஒரு முழம் மல்லிகையை வீட்டில் அப்பாவின் கையால் முழம் போட்டுப் பாருங்கள், குறையும். தங்கையின் கையால் போட்டால் கூடும். பூக்காரம்மா ஏமாற்றவில்லை, கைதான் வேறு. எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவு எதற்குத் தேவை என்பது அந்த மாலையில் விளங்கிவிடும்.

ஸ்கேல் இதற்கெல்லாம் பிறகுதான். அதை முதலிலேயே கொடுத்தால் பிள்ளைகள் 1இலிருந்து அளக்கத் தொடங்குகிறார்கள், அல்லது 0 கோட்டுக்கு முன்னால் உள்ள வெறும் விளிம்பிலிருந்து அளக்கிறார்கள். கோடுகளை எண்ணுகிறார்கள், எண்ண வேண்டியது கோடுகளுக்கு நடுவே உள்ள இடத்தை என்பது தெரியாது. குச்சி அடுக்கிய கைக்கு அது தெரியும்.

கனம்: தாளில் கற்க முடியாதது

பலூன் கேள்விக்கு வருகிறேன். கனத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, தூக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தைக் காட்டி எது கனம் என்று கேட்பது, பிள்ளை அந்தப் பொருளை முன்பே கையில் எடுத்திருக்கிறதா என்று கேட்பதாகிறது. பெரியவர்களையே கண் ஏமாற்றும். 1891இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்பாந்தியே எழுதியது இன்றும் எந்த வீட்டிலும் செய்து பார்க்கக்கூடியது: எடை சமமாக உள்ள பெரிய டப்பாவையும் சின்ன டப்பாவையும் மாற்றி மாற்றித் தூக்கினால் சின்னதுதான் கனமாகத் தோன்றும். எடை சமம் என்று தெரிந்த பிறகும் அப்படியே தோன்றும். உங்கள் கணவரிடம் இதைச் செய்து காட்டுங்கள். மகன்மேல் உள்ள கோபம் கொஞ்சம் தணியும்.

அவனுக்கு இப்படித் தொடங்குங்கள். ஒரே மாதிரியான, உள்ளே தெரியாத இரண்டு அரை லிட்டர் டப்பாக்கள். ஒன்றில் கல்லுப்பு, மற்றதில் பொரி, இரண்டும் முழுக்க. உப்பு டப்பா அரைக் கிலோவை ஒட்டி நிற்கும். பொரி நூறு கிராம்கூடத் தேறாது. கண்ணை மூடச் சொல்லி, இரு கையிலும் ஒரே நேரத்தில் கொடுங்கள். ஒருமுறை கைமாற்றியும் கொடுங்கள். தொடக்கத்தில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். எலுமிச்சையையும் தக்காளியையும் கொடுத்து எது கனம் என்றால் நமக்கே சந்தேகம் வரும். அடுத்து, பெரிய பஞ்சுத் தலையணையும் சின்ன அம்மிக் குழவியும். பெரியது லேசாக இருக்கலாம் என்பதை அவன் கை அறிய வேண்டும். அதன் பிறகு ஒரு பலூனை ஊதிக் கையில் கொடுங்கள், இன்னொரு கையில் ஒரு கல்லை வையுங்கள். எதுவும் கேட்க வேண்டாம், அவனே சொல்வான்.

கை போதாத இடத்துக்குத் தராசு வேண்டும், அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. இரு முனையிலும் வெட்டு உள்ள பிளாஸ்டிக் துணி ஹேங்கர் ஒன்று, ஒரே அளவான இரண்டு காகிதக் கப்புகள், ஒரு சாண் நீளத்தில் சமமாக வெட்டிய நூல்கள் போதும். கப்பின் விளிம்புக்குக் கீழே எதிரெதிராக இரண்டு துளை போட்டு, நூலைக் கோத்து, ஹேங்கரின் வெட்டுகளில் தொங்கவிடுங்கள். ஹேங்கரை ஒரு வழுவழுப்பான ஆணியில் மாட்டுங்கள். தடித்த கயிற்றில் மாட்டினால் பிடித்துக்கொண்டு சாயாது. வெறும் கப்பிலேயே ஒருபக்கம் சாய்ந்தால் உயர்ந்து நிற்கும் பக்கத்தில் சிறு களிமண் உருண்டையை ஒட்டிச் சமன் செய்யுங்கள். இந்தச் சமன் செய்வதை அவன் கண்முன்னே செய்வது முக்கியம்.

இங்கே ஒரு வழக்கமான தடுமாற்றம் வரும். பல பிள்ளைகள் மேலே போன தட்டைத்தான் கனம் என்பார்கள், மேலே இருப்பதுதான் அதிகம் என்று பழகியதால். விளக்காதீர்கள். ஒரு கையில் நிறைந்த தண்ணீர் வாளியையும் இன்னொரு கையில் காலி வாளியையும் கொடுத்து நிற்கச் சொல்லி, எந்தத் தோள் கீழே இறங்கியது என்று கேளுங்கள். அந்தத் தோளை நினைத்துக்கொண்டு தராசைப் பார்த்தால் குழப்பம் இருக்காது.

டிஜிட்டல் தராசு ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அது 347 என்று ஓர் எண்ணைக் காட்டும். அவனுக்கு அது கனமும் இல்லை, லேசும் இல்லை. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கையில் ஏந்தி ‘இதுதான் ஒரு கிலோ’ என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு, 2ஆம் 3ஆம் வகுப்பில் வாங்குங்கள். அதுவரை அந்த உப்புப் பாக்கெட்டே அவனுடைய எடைக்கல். ‘இந்தத் தேங்காய் உப்புப் பாக்கெட்டைவிடக் கனமா?’ நல்ல கேள்வி அது.

கொள்ளளவு: ஊற்றிப் பார்ப்பது

மூன்றிலும் கடினமானது இதுதான், அதனால் கடைசியில் வையுங்கள். பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்பது வேறு, இப்போது அதில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு. பெரியவர்களே இரண்டையும் ஒரே மூச்சில் பேசிவிடுகிறோம். எவர்சில்வர் பாத்திரத்தில் மட்டம் தெரியாது. ஆகவே மேல்பகுதியை வெட்டி, விளிம்புக்கு டேப் ஒட்டிய தண்ணீர் பாட்டில்கள் நல்லவை. தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டால் மட்டம் பளிச்சென்று தெரியும்.

விதி ஒன்றுதான்: ஒன்றை விளிம்புவரை நிரப்பு, மற்றதில் ஊற்று. வழிந்தால் முதலாவது அதிகம் கொள்ளும். இடம் மிச்சமிருந்தால் இரண்டாவது அதிகம் கொள்ளும். ஊற்றுவதற்கு முன், ‘வழியுமா, மிச்சமிருக்குமா?’ என்று அவனைச் சொல்லச் சொல்லுங்கள். தவறாகச் சொன்னால் தண்ணீரே திருத்திவிடும், உங்களுக்கு வேலையில்லை. ஒல்லி உயரம், குண்டு குட்டை என்று வேண்டுமென்றே முரணான ஜோடிகளைத் தேடிக் கொடுங்கள். பத்துத் தடவை வழிந்து நனைந்த பிறகுதான் உயரத்தைவிட்டு அகலத்துக்கும் கண் போகும்.

எண்ணிக்கைக்கு ஆழாக்கு அருமையான கருவி. வீட்டில் பழைய படியும் ஆழாக்கும் இருந்தால் எடுத்துத் துலக்குங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி. அரிசியை அளக்கும்போது தலைதட்டி அளக்கச் சொல்லிக் கொடுங்கள். ஒருமுறை கும்பாரமாகவும் ஒருமுறை முக்காலாகவும் அள்ளினால் எட்டு ஏழாகும், ஒன்பதாகும். சின்னக் கிண்ணத்தால் அளந்தால் எண்ணிக்கை கூடும், பெரியதால் அளந்தால் குறையும் என்பதை இப்போதே வலியுறுத்த வேண்டாம். அது இன்னும் ஓரிரு ஆண்டில் தானாகப் பிடிபடும்.

தங்கை இருப்பதால் ஓர் எச்சரிக்கை. இரண்டு வயதுப் பிள்ளை புளியங்கொட்டையையும் பட்டாணியையும் மூக்கில் போட்டுக்கொள்ளும், வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் தலைகுப்புற விழுந்து மூழ்கும். அவள் தூங்கும் நேரத்தில் செய்யுங்கள், முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும்.

பள்ளியும் சட்டமும்

2009ஆம் ஆண்டு இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இரண்டு இடங்களில் உங்களுக்குத் துணை நிற்கிறது. 1ஆம் வகுப்பில் சேர்ந்துவிட்ட குழந்தையை அங்கிருந்து கீழ்வகுப்புக்கு இறக்கவோ அதே வகுப்பில் நிறுத்திவைக்கவோ 16ஆம் பிரிவு இடம் தரவில்லை. 2019இல் வந்த திருத்தம் நிறுத்திவைக்க இடம் தருவது 5, 8ஆம் வகுப்புகளில் மட்டும்தான். குழந்தையை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதை 17ஆம் பிரிவு தடை செய்கிறது. எல்லார் முன்பும் மந்தம் என்று சொல்வதும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டியதுதான்.

ஆனாலும் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் சந்திப்புக்குப் போகாதீர்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாளில் கற்பிக்கும் ஆசிரியைக்கும் சுமை இருக்கிறது. இரண்டே கோரிக்கை வையுங்கள்: கேள்வியை அவனுக்கு ஒருமுறை தமிழில் சொல்லிவிட்டுக் கேட்கட்டும், பொருளைக் கையில் கொடுத்தும் ஒருமுறை பார்க்கட்டும். வீட்டில் அவன் செய்வதை ஓரிரு காணொளியாக எடுத்துக் காட்டினால் பேச்சு இன்னும் எளிதாகும். கீழ்வகுப்பு என்ற பேச்சு தொடர்ந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போகலாம்.

டியூஷனைப் பொறுத்தவரை, நீங்கள் வேலைக்குப் போவதால் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்றால் தொடருங்கள். அலகு மாற்றங்களை மட்டும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

குறைபாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் மட்டும் வரும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கான முதல்நிலைச் சோதனை 3ஆம் வகுப்பிலோ 8 வயதிலோதான். ஆறு வயதில் யாரேனும் சான்றிதழ் எழுதித் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். வேறு சில அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கவும் கூடாது: வீட்டுத் தமிழிலேயே பெருசு, சிறுசு புரியாமல் இருப்பது, இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றை மட்டும் செய்வது எப்போதும் நடப்பது, முன்பு வந்த பேச்சோ திறமையோ குறைந்துபோவது, படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பது. அப்படி ஏதாவது கண்டால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டிப் பார்வையும் செவியும் சோதிக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையோடு இணைந்த மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்திலும் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள்.

கடைசியாக, அந்த அடிஸ்கேல். கற்க வேண்டிய கருவியே அடிக்கும் கருவியாகிவிட்டால் பிள்ளை அதிலிருக்கும் எண்களைப் பார்க்காது, அதைப் பிடித்திருக்கும் கையைத்தான் பார்க்கும். ‘அன்னிக்கு அப்பா அடிச்சது தப்பு, இனிமே அடிக்க மாட்டேன்’ என்று அப்பாவே அவனிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் போதாது. சொன்ன பிறகு ஸ்கேலைத் தேடாதீர்கள், கேட்காதீர்கள். ஈர்க்குச்சியும் நூலும் ஐஸ் குச்சியும் வைத்து அப்பாவும் அவனும் கட்டிலையும் கதவையும் அளந்துகொண்டிருக்கட்டும். என்றாவது ஒருநாள் குச்சி போதாமல் அவனே பையின் அடியிலிருந்து அதை எடுத்து வரும்போது, 0 எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.